நம் மண்ணின் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்



உப்புப் பாத்தியில் கால் வெந்து நிற்பவர்களே, சவுக்குத் தோப்பில் பட்டை உரிக்கும் தாய்மார்களே, ஒரு காணி இரண்டு காணியில் கன்று வைத்துவிட்டு நாலு வருஷம் காத்துக் கிடக்கும் விவசாயிகளே, இறால் குட்டையில் ராக்காவல் இருக்கும் தம்பிகளே! இதை அவசரமாக எழுதுகிறேன். டீக்கடையில் ஒருவர் வாய்விட்டுப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

2026 டிசம்பர் 30. இந்தத் தேதியை மறக்காதீர்கள். அன்று முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்குள் மரமோ, மரக்கூழோ, காகிதமோ, ரப்பரோ, காபியோ கொண்டுபோகிற பெரிய, நடுத்தரக் கம்பெனி எதுவானாலும், அந்தச் சரக்கு எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 வரை அவகாசம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்திலிருந்து வந்தது எதுவும் அந்தச் சந்தைக்குள் நுழையக் கூடாது என்பதே சட்டம். அதன் எண் 2023/1115. மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்யும் பல பொருள்களும் அதன் பட்டியலில் வருகின்றன. மீறுகிற கம்பெனிக்கு விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு, ஐரோப்பாவில் அது செய்யும் ஆண்டு விற்பனையில் 4 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது, எந்தக் கம்பெனியும் பொறுப்பைத் தனக்குக் கீழே இருப்பவன் தலையில் கட்டத்தான் பார்க்கும். கீழே, கடைசியில் இருப்பவர்கள் நாம்.

"நாம் உப்பு வாருகிறோம். ஐரோப்பாவுக்கா உப்பு போகிறது? நமக்கென்ன வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நம் குடும்பங்களில் எத்தனை பேர் உப்பை மட்டும் நம்பி இருக்கிறோம்? ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி மூழ்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது. மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளிக்கு அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? அடுப்பெரிய வேண்டுமென்றால் சவுக்கு வெட்டுக்குப் போகிறோம். கந்தாடு, அனுமந்தை, கூனிமேடு, கீழ்புத்துப்பட்டு என்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் மணற்பாங்கான பூமியில் நிற்பது சவுக்குதான். ஆண்கள் வெட்டுகிறார்கள், பெண்கள் உட்கார்ந்து பட்டை உரிக்கிறார்கள். உரித்த கட்டையை டன் கணக்கில் எடை போட்டு லாரியில் ஏற்றுகிறார்கள். கொம்பாகப் போவது சாரத்துக்குப் போகிறது, மிளாறு விறகாகிறது, மற்றது காகித ஆலைக்குக் கூழ்மரமாகப் போகிறது. ஆலைக்குள் போன கட்டை காகிதமாகி எந்தக் கப்பலில் எந்த நாட்டுக்கு ஏறியது என்று நமக்கு ஒருவரும் சொன்னதில்லை. இனி அங்கிருந்து கேள்வி இங்கே வரும். இந்தக் கட்டை யார் நிலத்தில் விளைந்தது? பட்டா யார் பேரில்? 2020இல் அங்கே என்ன இருந்தது?

இந்தக் கேள்விகளுக்கு நம்மிடம் என்ன காகிதம் இருக்கிறது? தோப்பை மொத்தமாக விலை பேசி வாங்குகிறார் வியாபாரி. முன்பணம் கைமாறுகிறது. ரசீது கிடையாது. மற்ற மரங்களைப் போல சவுக்கை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறைச் சீட்டு கேட்பதில்லை. அது விவசாயிக்குச் செய்த நல்ல காரியம்தான், ஆனால் அதனாலேயே எந்த லாரியில் யார் மரம் போனது என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லாமல் போனது. பட்டா தாத்தா பேரில் இருக்கிறது, தாத்தா போய் இருபது வருஷம் ஆகிறது. கூட்டுப் பட்டாவில் ஏழு பேர், அதில் மூன்று பேர் பெங்களூரில். வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் வைத்தவர் பேர் எந்த ஏட்டிலும் இல்லை.

இதைவிட மோசமான கண்ணி ஒன்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் உயரும் மரம், நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரநிழல், இவை இருந்தால் அது காடு. அரை ஹெக்டேர் என்றால் 124 சென்ட். நம் காணி 132 சென்ட். அதாவது ஒரு காணிச் சவுக்குத் தோப்பு அளவில் காடாகிவிடும்! விவசாய நிலமாகவே பெரும்பாலும் பயன்படுகிற பூமி இதில் சேராது என்று விலக்கு இருக்கிறது. ஆனால் ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை விவசாயத் தோட்டம் என்று ஒப்புக்கொள்கிற அதே சட்டம், மரத்துக்காக வளர்க்கும் தோப்புக்கு அந்தப் பெயரைத் தருவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? சவுக்கை வெட்டிவிட்டு அடுத்த பட்டத்தில் மணிலா போடுகிறோம், பிறகு மறுபடியும் சவுக்கு. இது தலைமுறை தலைமுறையாக நடக்கிற பயிர்ச்சுழற்சி. வானத்திலிருந்து படம் எடுக்கிற செயற்கைக்கோளுக்கு இது தெரியாது. 2020இல் பச்சை, 2023இல் வெறும் மண். எழுத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கிற ஒரு அதிகாரி, காடு அழிந்து விவசாயம் வந்தது என்று முடிவு கட்டிவிட முடியும். இது காலங்காலமாக உழுத நிலம்தான் என்று காட்டுகிற பொறுப்பு நம் மேல் விழுகிறது. காட்டக்கூடிய ஒரே சாட்சி, எந்த நிலத்தில் எந்த வருஷம் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதி வைக்கும் அடங்கல்.

2025 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் நாடுகளைத் தரம் பிரித்தபோது இந்தியாவை ஆபத்துக் குறைந்த வரிசையில் வைத்தது. நூற்றுக்கு ஒரு நிறுவனத்தைச் சோதித்தால் போதும், ஆபத்தை மதிப்பிடும் சடங்குகளும் குறைவு. "அப்பாடா, தப்பித்தோம்" என்று சிலர் சொன்னார்கள். ஒன்றும் தப்பவில்லை. நிலத்தின் புள்ளியைக் கொடுக்க வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. நாலு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும் என்பது உண்மை, ஆனால் ஒரு லாரியில் இருபது பேர் கட்டை கலந்து போகிறது. இருபது புள்ளியும் வேண்டும். ஒன்று குறைந்தாலும், பிரித்துக் காட்ட முடியாத அந்தச் சரக்கு முழுதும் அடிபடும். அப்போது ஆலைக்காரர் என்ன செய்வார்? நூறு ஏக்கர் ஒரே பட்டாவில் வைத்திருப்பவரிடம் போய்விடுவார். இது என் கற்பனை அன்று. 2023 டிசம்பரிலேயே, சட்டம் நடைமுறைக்கு வருமுன்னே, ஐரோப்பிய காபிக் கம்பெனிகள் எத்தியோப்பியச் சிறு விவசாயிகளிடம் வாங்குவதைக் குறைக்கத் தொடங்கிவிட்டன என்று ராய்ட்டர்ஸ் எழுதியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2025 டிசம்பரில் வந்த திருத்தத்தில், தான் விளைவித்ததைத் தானே சந்தையில் வைக்கும் சிறு உற்பத்தியாளருக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள்: ஒரே ஒரு முறை எளிய அறிவிப்பு, நிலத்தின் புள்ளிக்குப் பதில் அஞ்சல் முகவரி போதும். ஐரோப்பாவின் சிறு விவசாயிக்கு அது எட்டும். நமக்கும் கப்பலுக்கும் நடுவே வியாபாரி, ஏஜெண்ட், ஆலை, ஏற்றுமதியாளர் என்று நாலு கை இருக்கிறது, நமக்கு எட்டாது. அதே திருத்தத்தில் அச்சிட்ட புத்தகங்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தோல் தொழில்துறையினரும் தங்களை எடுக்கச் சொல்லி விடாமல் வாதாடி வருகிறார்கள். குரல் உள்ளவனுக்குச் சட்டம் வளைகிறது. 2023 செப்டம்பரில் இந்தோனேசியா, மலேசியா, பிரேசில், கானா உட்பட 17 நாடுகளின் தூதர்கள் கூட்டாக ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதி, சிறு விவசாயி நசுங்குவான் என்று எச்சரித்தார்கள். அந்தப் பதினேழில் இந்தியா இல்லை.

விளைவித்து அனுப்பும் நாடாக மட்டும் நாம் இதில் மாட்டவில்லை. வாங்கி, பதப்படுத்தி, மறுபடியும் அனுப்பும் நடுநாடாகவும் மாட்டியிருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி வேனில் ஏறிப் போகிற ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டயர் ஆலைகளைப் பாருங்கள். கன்னியாகுமரி ரப்பரும் கேரளத்து ரப்பரும் போதாமல் வெளிநாட்டு ரப்பரும் நம் நாட்டு ஆலைகளுக்குள் வருகிறது. அங்கே எவன் காட்டை வெட்டி ரப்பர் வைத்தான் என்பதற்கு இங்கே டயர் செய்கிறவன் பதில் சொல்ல வேண்டும். தோலும் அப்படியே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொட்டிகளில் ஊறுவது நம் ஊர் மாட்டுத்தோல் மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதி பதனிட்ட தோல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது. 2025 மத்திய பட்ஜெட்டில் அந்த இறக்குமதிக்குச் சுங்க வரியையே நீக்கினார்கள். மாடு எந்த மேய்ச்சல் நிலத்தில் நின்றது, அது முன்பு அமேசான் காடாக இருந்ததா என்று ஆம்பூர்க்காரர் எப்படிக் காட்டுவார்? பச்சைத்தோலுக்கு உப்பு போட்டுத்தான் அழுகாமல் வைக்க முடியும். பதனிடும்போதும் உப்பு வேண்டும். தோல் தொட்டி நின்றால் தொழில் உப்புக்குத் தேவை குறையும், அதன் அடி உப்பு அம்பாரத்திலும் விழும். ஐரோப்பாவுக்கு உப்பு போகவில்லைதான். உப்பு தொட்ட பொருள் போகிறது.

குளோபல் டிரேட் ரிசர்ச் இனிஷியேட்டிவ் என்ற டெல்லி ஆய்வு அமைப்பு, இந்தச் சட்டம் தொடும் இந்திய ஏற்றுமதி ஆண்டுக்கு 130 கோடி டாலர் என்று 2023இல் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் ஏற்றுமதியாளர் இருக்கிறார். பட்டை உரிக்கிற நம் அக்காவின் கூலி இருக்காது.

காட்டைக் காப்பாற்ற வந்த சட்டத்தை எதிர்க்கச் சொல்கிறேனோ என்று யாரும் நினைக்க வேண்டாம். காடு அழிவதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை. கீழ்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சுற்றி இன்றைக்கும் கொஞ்சம் காடு நிற்கிறது. இந்தக் கரையோரம் பூராவும் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. சாமிக்குப் பயந்து நம் முன்னோர் கோடாலி வைக்காததால் மிஞ்சியது. காட்டின் அருமையை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டம் வேண்டும், வலுவாகவே வேண்டும் என்பதுதான் என் நிலை. அதன் சுமையை யார் சுமப்பது என்பதில்தான் சண்டை.

அந்தச் சட்டத்துக்குத் தெரியாத பூமியும் நம்மிடம் உண்டு. கழுவெளி! பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 5,151 ஹெக்டேருக்கு மேல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதில் ஐந்து மீட்டர் மரமும் இல்லை, பத்து விழுக்காடு நிழலும் இல்லை, ஆகவே ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் அது காடு இல்லை. சதுப்பை அழித்துக் குட்டை வெட்டி இறால் வளர்த்து ஏற்றுமதி செய்தால் இந்தச் சட்டம் ஒரு கேள்வியும் கேட்காது. நம் நாட்டுச் சட்டம் கேட்டிருக்கிறது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விவசாய நிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், வன நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. உப்பள நிலம் என்று பேர் சொல்லியே எழுதினார்கள், தோழர்களே. 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அந்தத் தீர்ப்பின் கடுமையைத் தளர்த்திவிட்டது. நடந்து முடிந்தது என்ன என்று கழுவெளியின் ஓரத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

இறால் நமக்கு இன்னொரு பாடமும் சொல்லித் தருகிறது. கடல் ஆமை சாகாத வலையில் பிடித்த இறாலைத்தான் வாங்குவோம் என்று அமெரிக்கா 1989இல் சட்டம் போட்டு, 1996 மே மாதம் முதல் நம் மேலும் அதைப் பாய்ச்சியது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காக்கும் நோக்கத்தில் தவறில்லை, நாடுகளுக்கிடையே பாரபட்சமாக நடத்தியதுதான் தவறு என்றது. அமெரிக்கா நடத்தும் முறையைத் திருத்திக்கொண்டது, சட்டம் இன்றும் இருக்கிறது. ஆமை தப்பும் வலை நம் விசைப்படகுகளுக்கு வரவில்லை என்பதால் 2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அங்கே கதவு மூடிக் கிடக்கிறது. முப்பது வருஷம்! "தள்ளிப்போகும், பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சின் விலை இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் நம் வளர்ப்பு இறாலில் மருந்துச் சோதனையைப் பத்திலிருந்து ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. அந்தச் செலவுக்கு ஏற்றுமதியாளர் தன் பங்கில் கைவைப்பாரா, குட்டைக்காரன் விலையில் கைவைப்பாரா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைப் பேசுவோம்.

ரப்பர் விவசாயிக்கு ரப்பர் வாரியம் இருக்கிறது, நிலத்தை அளந்து பதிய ஏற்பாடு செய்கிறது. காபிக்காரருக்குக் காபி வாரியம் செயலி கொண்டு வந்திருக்கிறது. கானாவில் கோகோ விவசாயியின் தோட்டத்தை அந்நாட்டுக் கோகோ வாரியமே அளந்து பதிவு செய்கிறது. சவுக்குக்கு யார்? வாரியம் இல்லை. மத்திய அரசு 2023 டிசம்பரில் வனம், மரச் சான்றிதழ் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, வயலில் வளர்க்கும் மரமும் அதில் உண்டு. ஆனால் இரண்டு காணிக்காரன் சான்றிதழ்ச் செலவைத் தனியாகத் தாங்க முடியாது. மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியும் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனமும் நல்ல கன்று கொடுக்கின்றன, நன்றி. கன்றோடு சேர்த்து நிலப் பதிவையும் செய்து கொடுக்க அரசு அவர்களையும் வருவாய்த் துறையையும் களத்தில் இறக்க வேண்டும். இலவசமாக. வரும் கிராம சபை ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும், ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாகப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். கூட்டுப் பட்டா பிரிக்க, இறந்தவர் பேரை மாற்ற, குத்தகைக்காரர் பேரை ஏற்ற ஊரிலேயே முகாம் கேளுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஊருக்கு ஒரு பதிவேடு போடுவோம். சர்வே எண், உட்பிரிவு, பட்டா பேர், பயிர் வைத்தவர் பேர், கன்று வைத்த வருஷம், வெட்டிய வருஷம், அதற்கு முன்னால் என்ன பயிர். பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகள் கைபேசியில் நிலத்தின் நடுவே நின்று புள்ளியை எடுத்து எழுதிவிடுவார்கள், பத்து நிமிஷ வேலை. பதிவேடு நம் சங்கத்திடம் இருக்கட்டும். வியாபாரியோ ஏஜெண்டோ வந்து, "ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், இந்த பாரத்தில் கையெழுத்து போடுங்க" என்றால் போடாதீர்கள். நிலத்தின் புள்ளி கைமாறினால் பேரம் பேசும் பலமும் கைமாறிவிடும். எழுத்தில் விலை, எடைச்சீட்டு, ரசீது இவை மூன்றும் வந்த பிறகு கொடுங்கள். பதிவுச் செலவு வாங்குபவருடையது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அதே பதிவேட்டில் வெட்டுக்காரர், பட்டை உரிப்பவர், ஏற்றுகூலிக்காரர் பேரும் கூலியும் வர வேண்டும். இதை நான் இரக்கத்துக்காகக் கேட்கவில்லை. அந்த ஐரோப்பியச் சட்டமே கேட்கிறது. காடு அழியாமல் இருந்தால் மட்டும் போதாது, விளைந்த நாட்டின் சட்டப்படியும் விளைந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நில உரிமை, தொழிலாளர் உரிமை, மனித உரிமை மூன்றும் அந்தச் சட்டப் பட்டியலில் அடக்கம். குறைந்தபட்சக் கூலி கொடுக்காமல் உரித்த கட்டை, ஏழையின் நிலத்தை மிரட்டிப் பிடுங்கி விளைவித்த கட்டை, அந்தச் சந்தைக்கு ஆகாத கட்டை. யார் வேண்டுமானாலும் ஆதாரத்தோடு அந்நாட்டு அதிகாரிகளிடம் புகார் எழுதலாம், அவர்கள் விசாரித்தாக வேண்டும் என்றும் இருக்கிறது. முதலாளிகள் இந்தப் பக்கங்களை நமக்குப் படித்துக் காட்டமாட்டார்கள். நாம் படிப்போம். சங்கத்துக்குச் சங்கம் தமிழில் எழுதி ஒட்டுவோம்.

உப்பளத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சவுக்குக்காரன் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். வெட்டு நின்றால் முதலில் வேலை இழப்பது மழைக்காலத்தில் அங்கே போகிற நீங்கள். சவுக்கு விலை விழுந்தால் அந்த மணல் பூமி அடுத்து மனைக்கோ இறால் குட்டைக்கோ விலை பேசப்படும், உவர்நீர் ஊரின் குடிநீருக்குள் இறங்கும். கழுவெளி எல்லையில் புதிதாக ஒரு குட்டை வெட்டினாலும் படம் எடுத்து, தேதி போட்டு, அன்றே வனத்துறைக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள்.

நேரம் குறைவு. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த வாரமே உங்கள் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஐந்து பேராகச் சேர்ந்து போங்கள். தனியாகப் போகாதீர்கள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலியில் பார்த்தால், 2020 டிசம்பர் 31 விழுவது பசலி 1430இல். அந்தப் பசலியின் அடங்கலையும் அதற்கு முந்தைய ஐந்து பசலிகளின் அடங்கலையும் நகல் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.